வராமல் போன வாரம்

தொடர்கதையை ஒரேயடியாகப் படித்துவிடக் கூடாது. வாரம் ஒன்றாக எழுதியதை வாரம் ஒன்றாகத்தான் படிக்க வேண்டும். பைண்டு செய்து கையில் இருக்கிறதே என்று ஒரு மத்தியானத்தில் விழுங்கினால் வயிறு நிறையும், ருசி தெரியாது. சௌம்யாவிடம் முதல் நாளே இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

அந்த ஜெராக்ஸ் தாள்களில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள், வேணுகோபால் சார். சித்தூர்ப் பக்கம் என்பதால் நன்றாகத் தமிழ் பேசுகிறீர்கள். படிக்க வராது என்றும் சொன்னீர்கள். எனக்குப் படிக்க வரும். ஆனால் அந்தத் தாள்களை நான் இன்னும் படிக்கவில்லை. மேசைமேல் வைத்தபடியே இருக்கட்டும். அவை எப்படி என் மொட்டைமாடிக்கு வந்தன என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தெலுங்கிலும் சொல்ல முடியும், கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த ஊர்தான். ஆனால் கதை சமாசாரம் என்று வந்துவிட்டால் எனக்குத் தமிழ்தான் வாயில் வரும்.

என் பெயர் ரமணி. வீட்டுக்காரர் சந்தானம், லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரிட்டையரானதும் திருமுல்கேரியில் இந்த வீட்டைக் கட்டினார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை உயர்த்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் முழங்காலுக்குச் சற்று மேலே அப்படியே நின்றுபோனது. ஒரே பையன் வாசு, பெங்களூரில் வேலை. இங்கேயே படித்தவன். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வான். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. போன தடவை வந்தபோது என் அலமாரியைத் திறந்து பார்த்து, "அம்மா, ஈ செத்தந்தா ஏம் செய்யாலி?" என்றான். அந்தக் குப்பையையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டான்.

அந்தக் குப்பை என்னவென்று சொல்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். வாரப்பத்திரிகை மெட்ராஸிலிருந்து ரயிலில் செகந்திராபாத் ஸ்டேஷன் புத்தகக் கடைக்கு வரும். டியூட்டி முடிந்து வருகிறவர் யாராவது வாங்கி வருவார்கள். ஒரே பிரதி எல்லா வீட்டையும் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாகக் கடைசியில் என்னிடம் வந்து சேரும். நான் பின்னைக் கழற்றித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி அடுக்கிவைப்பேன். கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை ஒட்டி, பெயர் எழுதுவேன். தண்ணீர்க் குழாயடியில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. கொலைகாரன் டாக்டர்தான் என்று ஒருத்தி, இல்லை மைத்துனன் என்று இன்னொருத்தி. எதிர்வீட்டு ஜுலைகா ஒரு கதாநாயகியின் பெயரைத் தன் பெண்ணுக்கு வைக்கப் பார்த்து, மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு பைத்தியம் எங்களுக்கு.

அப்படி வந்த கதைகளில் ஒன்று 'ஒரு நிழலின் வாடகை'. பத்மப்ரியா என்று ஒரு பெண், புதிதாய்க் கல்யாணமானவள், மாடிப் போர்ஷனில் தனியாக இருப்பாள். புருஷன் கப்பலில் வேலை. பட்டப்பகலில் அவள் வீட்டில் ஒவ்வொன்றாக நடக்கும். மூடிய குழாய் திறந்துகொள்ளும். கல்யாணப் படம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கீழ்வீட்டு மாமி ஒருத்தி உண்டு, ஓரமாய் வருவாள், பயந்து ஓடி வருகிற பெண்ணை உட்காரவைத்துக் காபி கொடுப்பாள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆளே அவள்தான். கடைசிக்கு முந்தின வாரம் பத்மப்ரியா மொட்டைமாடியில் நிற்கிறாள், பின்னால் கட்டைச் சுவர், படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். தொடரும்.

அடுத்த வாரம் புயல் அடித்துத் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மெட்ராஸ் வண்டி வரவில்லை. பத்திரிகையும் வரவில்லை. அதற்கடுத்த இதழ் வந்தபோது வேறு கதை ஆரம்பித்திருந்தார்கள். படியில் வந்தது யார் என்று எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாமலே போயிற்று. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். நான் கடைசி அத்தியாயத்துக்கு இடம் விட்டுத் தைத்து வைத்தேன். பிறகு எப்போதாவது தேடியிருக்கலாம். தேடவில்லை. முடிவு தெரியாதவரை அந்தப் பெண் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள் அல்லவா, அது எனக்குப் பிடித்திருந்தது.

சௌம்யா மாடிக்குக் குடிவந்தது போன வருஷம். கோயம்புத்தூர்ப் பெண். புருஷன் குமரவேல், ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர். வந்து பால் காய்ச்சிய கொஞ்ச நாளிலேயே அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். விசா வந்ததும் அவளும் போவதாக ஏற்பாடு. அதுவரை காலையில் அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போவாள். மற்ற நேரமெல்லாம் மேலே தனியாகத்தான். ஒருநாள் சாவி கேட்டு வந்தவள் என் அலமாரியைப் பார்த்தாள். "ஐயோ ஆன்ட்டி, இத்தனையுமா கதைங்க?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் என்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது சார், நீங்கள் வேலைக்குப் போகிறவர். எங்கள் தெருவில் எல்லோரும் போய்விடுவார்கள். கரண்ட்டும் போய்விடும். மிலிட்டரிக்காரர்கள் சுடப் பழகும் சத்தம் தூரத்தில் கேட்கும், அவ்வளவுதான். வாசலில் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பயம். பேய் பிசாசெல்லாம் எனக்கு ஒரு பயமும் இல்லை, யாரும் வராத மத்தியானம்தான் பயம். சௌம்யா வந்த பிறகு அது இல்லாமல் போனது.

அவள் படிக்கிறதைப் பார்க்க வேண்டும். பயங்கரமான இடம் வந்தால் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக்கொள்வாள். வசனங்களை உரக்கப் படிப்பாள், ஆண் குரலுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொள்வாள். படத்தில் இருக்கிற பெண்ணின் கொண்டையைப் பார்த்து, அதேபோல் தனக்குப் போட்டுவிடச் சொல்வாள். நான் தையலைப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்கு ஒரு அத்தியாயம் என்று 'ஒரு நிழலின் வாடகை'யைக் கொடுத்துவந்தேன். மற்ற நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவோம். கெஞ்சினாலும் அடுத்ததைத் தர மாட்டேன். "ரொம்ப மோசமுங்க நீங்க," என்பாள். இப்படி ஒருத்தி என்னைத் திட்டி எத்தனையோ காலமாகியிருந்தது.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முனிசிபல் தண்ணீர் வராத நேரத்தில் அவளே குழாயைத் திறந்துபார்த்து மூட மறந்திருக்கிறாள். மத்தியானம் தண்ணீர் வந்ததும் பக்கெட்டு நிரம்பி வழிந்திருக்கிறது. அலறிக்கொண்டு கீழே ஓடி வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் படித்த அத்தியாயத்தில் குழாய் திறந்துகொண்டது. அவள் தாளைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது.

"ஆன்ட்டி, எனக்கு நடந்துட்டுத்தானுங்க கதையில வருது."

"அரே, கைக்கு, எதுக்குப் பயப்படறே? உக்காரு. காபி போடறேன்."

அன்று அவள் மேலே போகவேயில்லை. என்னோடு சாப்பிட்டாள், என்னோடு டிவி பார்த்தாள், வாசு படுக்கிற அறையில் படுத்தாள். காலையில் என் வீட்டில் இன்னொரு ஆள் பல் தேய்க்கிற சத்தம் கேட்டு விழித்தேன்.

ஆக, கல்யாணப் படத்தைத் திருப்பிவைத்தது நான்தான். வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஒரு சாவி வீட்டுச் சொந்தக்காரர் கையில் இருக்கும், எல்லா இடத்திலும் வழக்கம்தானே. அவள் அமீர்பேட் பஸ் ஏறியதும் போனேன். வேறெதையும் தொடவில்லை. ஸ்டவ்வில் பால் மூடாமல் இருந்தது, அதை மட்டும் மூடிவிட்டு வந்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், கீழே வந்தாள். வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயத்தைக் கொடுத்தேன். அந்த வரிக்கு அவள் வந்தபோது நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து, என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கொடியில் ஒரு ஈரப் புடவை. என்னுடைய பழைய ஊதாப் புடவைதான், டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பிறகு படியில் காலடிச் சத்தம், அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடும். இதற்கெல்லாம் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். எழுதியவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

பயமாக இருந்தால் மூடிவைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். படிக்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். குமரவேலும் போனில் அதையே சொன்னானாம். "கதப் புஸ்தகத்தத் தூக்கி எறின்னு சிரிக்கிறாருங்க ஆன்ட்டி," என்று அழுதாள். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. படிக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறவன் எப்படி ஒரு பெண்ணோடு குடித்தனம் பண்ணுவான். ஆனால் ஒன்று, வெள்ளிக்கிழமை காலை அவளே வந்து என் அலமாரிக்கு முன்னால் நிற்பாள். கையை நீட்டுவாள். இந்த வாரம் தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பாள்.

கிளாஸை நிறுத்திவிட்டாள். குளிக்கும்போது கதவைத் தாழிட மாட்டாள், நான் வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் என் வீட்டுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். கேட்டால், பின்னால் யாராவது தெரிந்துவிடுவார்களோ என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன், ரசம் சாதம் ஊட்டிவிட்டேன். ஒரு குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவைதான்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தைப் படித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். இல்லை என்றேன். புயல், தண்டவாளம், எல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அலமாரி முழுவதையும் தரையில் இறக்கித் தேடினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எனக்கு என்னுங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. என்கூட இரு."

அந்த நேரம் பார்த்து விசா இன்டர்வியூ வந்தது. அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அவள் சித்தப்பா வந்து அழைத்துப் போனார். ஆட்டோவில் ஏறும்போது என் கையை விடவில்லை, அவர்தான் பிரித்து உட்காரவைத்தார். அவள் போன பிறகு மத்தியானங்கள் திரும்பி வந்தன. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்தது நேற்று. நான் மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வடகம் போட்டுக்கொண்டிருந்தேன். அச்சு தேய்ந்துபோனது, கையாலேயே கிள்ளி வைத்தேன். குரங்குத் தொல்லை அதிகம், அவள் வந்ததும் மாடிக் கதவைச் சாத்திக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அது வழக்கமாகச் செய்வதுதான். அவள் முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள். விசா கிடைத்துவிட்டதாம். கையில் தாள்கள் வைத்திருந்தாள்.

"மாம்பலத்துல ஒரு லெண்டிங் லைப்ரரியில முழுசா பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க ஆன்ட்டி. கடைசி அத்தியாயம். ஜெராக்ஸ் எடுத்தேன்."

என் கை கூழிலேயே நின்றுவிட்டது.

"குடு. இங்க குடு."

அவள் கொடுக்கவில்லை. "படியில வந்தது யாருன்னு சொல்லட்டுங்களா?"

"நக்கோ, வேண்டாம் சௌம்யா. முடிவ யாரும் வாயால சொல்லக் கூடாது. நானே படிச்சுக்கறேன்."

"கீழ்வீட்டு மாமிங்க," என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாமே அந்தம்மா வேலதானுங்க. இன்னொரு சாவி அவங்ககிட்டதான் இருந்துச்சு. ரயில்ல நான் திருப்பித் திருப்பிப் படிச்சனுங்க. நம்ம வீட்டுச் சாவியும் உங்ககிட்டதானுங்களே இருக்குது? நான் நினைக்கிறது தப்புன்னு சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க சொன்னா நம்பறேன்."

இப்போது நினைத்துப் பார்த்தால், தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள். ஆனால் எனக்கு அப்போது எழுதியவர்மேல் வந்த கோபத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இடம் விட்டுத் தைத்து வைத்திருந்த கதைக்கு இதுவா முடிவு?

"ஏன் செஞ்சாளாம்?" என்று கேட்டேன்.

"பொறாமையாமுங்க. சின்னப் பொண்ணு சந்தோஷமா வாழறது பொறுக்கலியாம்."

"அது தப்பு. எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல. அவளுக்கு என்ன பொறாமை? அந்தப் பொண்ணு கீழ வரணும், அவ்வளவுதான். குழாயத் தொறந்தா வருவா, படத்தத் திருப்பினா வருவா, வந்து மடியில படுத்துப்பா. இதுல பொறாமை எங்கேர்ந்து வந்தது?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. இது அது இல்லை. இதற்கு முன் எப்போதும் அந்தக் கண்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நிற்கும். இப்போது என்னைப் பார்த்துவிட்டு மாடிக் கதவுக்குப் போயின. கதவு சாத்தியிருந்தது, கல் இருந்தது, நடுவில் நான் எழுந்து நின்றேன். அவள் "அம்மா" என்று சொன்னாள், என்னை அல்ல. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். சுவர் அவள் காலில் இடித்தது. தாள்கள் கையிலிருந்து விழுந்து காற்றில் மாடி முழுக்கச் சிதறின.

"வா சௌம்யா, கீழ போலாம். காபி போடறேன்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டாள், நான் கிட்டே வந்துவிடக் கூடாது என்பதுபோல. என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. எனக்கு அப்போது வந்த பயத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாசல் முழுக்க மத்தியானம் வந்து நின்ற மாதிரி இருந்தது.

முதலில் வந்த கான்ஸ்டபிளிடம், வெயிலில் தலை சுற்றி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். அது சரியில்லை. அவள் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். கீழே விழுந்ததும் துவைக்கிற கல்லில் தலை பட்டிருக்கிறது, நான் இறங்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. அவள் சுடிதாரின் முன்பக்கம் வெள்ளையாக இரண்டு இடத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று கேட்டீர்களே, அது கூழ். என் கை. நான்தான் தள்ளினேன்.

தாள்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தப்பு, நான் படிக்கப்போவதில்லை. ஏன் தள்ளினாய் என்று மட்டும் இன்னும் கேட்காமல் இருக்கிறீர்கள். எதற்குப் பயந்தாலும் அவள் ஓடி வருவது என்னிடம்தான் சார், இந்த ஊரில் அவளுக்கு வேறு யாரும் கிடையாது. என்னைப் பார்த்தே பயந்துவிட்டால் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? அப்படி அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.